நூலகத்தைச் சாயங்காலம் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வரும் சமயமெல்லாம் காலைப் பேப்பரை உதறினால் பயிற்சி மையங்களின் நோட்டீஸ் நாலைந்து கீழே விழுகிறது. நான் தூக்கிப் போடுவதில்லை. ரிப்பன் மாற்றிய கையைத் துடைக்க உதவும். கும்பகோணத்தில் 27 ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவன் நான். அதனால் நான் சொல்லப்போவதில் கொஞ்சம் சுயலாபமும் இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி, தமிழ்த் தட்டச்சு இளநிலை (லோயர்) பாதியில் இருக்கும்போது, "சார், இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்" என்றாள். வெளியூர்ப் பயிற்சி மையம் ஒன்றில் அப்பா சேர்த்துவிட்டாராம். அம்மாவின் தோட்டைச் சங்கத்தில் அடகு வைத்து 30,000 ரூபாய். நான் தடுக்கவில்லை. தடுத்தால் இவன் பீஸ் போகிறதே என்று பேசுகிறான் என்பார்கள்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். கையில் ஸ்பைரல் போட்ட நான்கு கட்டு. புரட்டிப் பார்த்தேன். பள்ளித் தமிழ்ப் புத்தகத்து வரிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கேள்வியும் பதிலுமாக அடித்திருந்தார்கள், எழுத்துப் பிழையோடு. (பிழை கண்ணில் படாமல் எனக்குப் படிக்க வராது, தொழில் அப்படி.) அந்தப் புத்தகங்கள் அவள் வீட்டுப் பரணிலேயே கிடந்தன. தம்பி படித்து முடித்தவை, எலி தின்றது போக மீதி.

எல்லாப் பயிற்சி மையமும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்களுக்கும், கூடப் படிக்க ஆள் இருந்தால்தான் புத்தகத்தைத் திறப்பவர்களுக்கும் அது உதவும். ஆனால் தோட்டை அடகு வைப்பதற்கு முன் தேர்வாணையத்தின் அறிவிக்கையை ஒரு தரம் முழுசாகப் படித்துவிடலாம். குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், பத்தாம் வகுப்புத் தரம். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளிப் புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. இதையெல்லாம் செல்போனில் அவளுக்குக் காட்டியபோது அரை நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை யாரும் சொல்லலையே சார்" என்றாள்.

யாரும் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அதே தேர்வில் இளநிலை உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்பு முடித்த அத்தனை பேரும் போட்டி. தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும், இரண்டில் ஒன்றாவது முதுநிலையாக (ஹையர்) இருக்க வேண்டும். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் கூட்டமும் குறைவு. இளநிலை உதவியாளர் பட்டியலில் பெயர் எட்டாத மதிப்பெண்ணுக்குத் தட்டச்சர் பணி கிடைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணிக்குக் கேட்கும் கம்ப்யூட்டர் சான்றிதழை வேலையில் சேர்ந்த பிறகு தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிக்கொள்ள அவகாசம் உண்டு. தட்டச்சு அப்படியல்ல, விண்ணப்பிக்கும்போதே கையில் இருக்க வேண்டும். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் சேர்ந்தால் பன்னிரண்டாவது முடிப்பதற்குள் இரண்டு மொழியையும் முடித்துவிடலாம். நான் வாங்கும் மாதக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். பெண்களுக்கு டவுன் பஸ் 2021லிருந்து இலவசம். எங்கள் பயிலகத்தில் பெண்கள் எண்ணிக்கை கூடியதற்கு என் திறமையைவிட அந்தப் பஸ்தான் காரணம்.

டெல்டாவில் படிக்கிற பிள்ளைகளுக்குக் காசைவிட நேரம்தான் பெரிய தட்டுப்பாடு. தட்டச்சுத் தேர்வு பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருடத்துக்கு இரண்டு தடவை. தை மாசி என்றால் சம்பா அறுப்பு. ஆகஸ்டில் குறுவை வயலில் வேலை, சம்பாவுக்கு நாற்றங்காலும் விட வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் சென்டருக்குக் கொண்டுபோக மிஷின்களைக் குட்டி யானை வண்டியில் ஏற்றும்போது, "நெல்லு கொள்முதல் நிலையத்துல கிடக்கு சார், அப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டு நேரா சென்டருக்கு வந்துடுறேன்" என்று போன் வரும். வந்தும் விடுவார்கள். விரல் நகத்தில் சேறு இருக்கும், அடிப்பில் பிசிறு இருக்காது.

சரி, நான் எழுத வந்த விஷயம் இது. அந்தப் பெண் காலையில் அம்மாவோடு களை எடுக்கப் போகிறாள். மூன்று மணிக்கு வீடு திரும்பி, பஸ் பிடித்து எனக்கு எதிரே வந்து உட்காருகிறாள். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு, நல்ல ஏற்பாடு. ஆனால் அது இருப்பது திருவாரூரில், போய்த் திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். அவள் ஊரிலேயே ஒரு நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன என்கிறாள். காலையில் திறந்து மதியத்துக்குள் பூட்டிவிடுகிறார்கள். அவள் வயலில் நிற்கும் நேரத்தில் அது திறந்திருக்கிறது, படிக்க நேரம் கிடைக்கும்போது பூட்டியிருக்கிறது. இப்போது ராத்திரி ஏழு மணிக்கு மேல் பெருமாள் கோயில் மண்டபத்து லைட்டில் படிக்கிறாள், கோயில் நடை சாத்தும் வரை.

உங்கள் வாசகர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கட்டும். நூலக வரி என்று போட்டிருக்கும், ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் வந்த மாநிலம் நம்முடையது. அவள் அப்பாவும் தன் ஓட்டு வீட்டுக்கு அந்த வரியைக் கட்டியிருக்கிறார். தோடு அடகுக்குப் போன வீட்டின் ரசீது அது.

கிராம நூலகருக்கு வேலை நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை, அவருக்குக் கொடுப்பதே சொற்பம். இப்போது காலையில் திறக்கும் அதே மூன்று மணி நேரத்தை வாரத்தில் மூன்று நாளாவது மாலை ஐந்திலிருந்து எட்டுக்கு மாற்றினால் போதும். இந்தக் குறுவை முடியும் வரை ஏதாவது நான்கு ஊரில் நூலகத் துறை செய்து பார்க்கட்டும். கரண்டு பில் கூடும் என்று யாராவது சொன்னால் அந்தப் பெண்ணின் ஊருக்கு மட்டும் நான் கட்டுகிறேன். ஒரு டியூப் லைட்டும் இரண்டு பெஞ்சும் பயிலகத்தில் சும்மா கிடக்கின்றன. குட்டி யானைக்காரரிடம் பேசிவிட்டேன், வாடகை வேண்டாம் என்கிறார்.

இப்படிக்கு,
தட்டச்சு ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.