வளர்த்தவளைச் சட்டம் ஏன் விலக்கி வைக்கிறது? – சட்டத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டத் துறை அமைச்சர் அவர்களுக்கும், நெல்லை, தென்காசி மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், அம்பாசமுத்திரம் வட்டத்திலிருந்து வணக்கம்.

18 வயது நிறையாத குழந்தைக்கு, நீதிமன்றம் நியமிக்காமலேயே காப்பாளராகும் 'இயற்கைக் காப்பாளர்' யார் என்று சொல்லும், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தந்தை, தாய் என்பவர்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கார் என்று அதன் விளக்கக் குறிப்பு கூறுகிறது. அந்த வரியைத் திருத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் கணவரின் முதல் மனைவி இறந்தபோது பையன் கைக்குழந்தை. நடக்கப் பழகியதிலிருந்து என்னிடம்தான் வளர்ந்தான். கணவரும் காலமான பிறகு, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு அழைத்துப் போய் மறுநாள் கொண்டுவந்து விடுவதாக அவருடைய அண்ணன் சொன்னபோது நான் தடுக்கவில்லை. குலதெய்வம் பையனுக்கும் உரியதுதானே. பையன் இன்னும் திரும்பவில்லை. கோவில்பட்டியில் வைத்துக்கொண்டு, அங்கேயே பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொல்கிறார்கள். கணவரின் பங்கு வயல் பையன் பெயருக்கு வரவிருப்பதை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை.

காவல் நிலையத்தில் என்னை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். "பெற்ற தாய் என்றால் இன்றைக்கே கூட்டி வந்துவிடுவோம் அம்மா. நீங்கள் சித்தி, அவர் பெரியப்பா, ரத்த சொந்தம். கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார்கள். பையனுக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் எத்தனை மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கும், மருந்தை உறிஞ்சும்போது எப்படி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அவனுடைய இன்ஹேலரையும் மருத்துவர் சீட்டையும் கூரியரில் அனுப்பினேன். பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்கள் என்று திரும்பி வந்துவிட்டது. அந்தப் பொட்டலத்தை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினால் எனக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்வார்கள்?

பெரியப்பாவும் அந்தச் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் அல்லர். ஆனால் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருப்பது என்னைப் போன்றவர்கள்தான் என்பதால், குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே நியாயம் சாய்ந்துவிடுகிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின்படி காப்பாளராக நியமிக்கக் கோரி நான் மனுச் செய்யலாம். குழந்தையின் உறவினரோ நண்பரோ கூடச் செய்யலாம். அந்த வரிசையில்தான் எனக்கும் இடம். குழந்தையின் நலனே முதன்மை என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனு எடுத்துக்கொள்ளப்படும் முன்பே, எந்த ஊர் நீதிமன்றம் விசாரிப்பது என்பதை முடிவுசெய்ய, குழந்தை வழக்கமாக வசிப்பது கோவில்பட்டியா அம்பாசமுத்திரமா என்ற வாதம் தொடங்கிவிடும். நாள் போகப்போக அதுவும் அவர்களுக்கே சாதகம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பெற்றோர் என்றால் மாற்றாந்தாயும் சேர்த்திதான். பையனுக்கு 18 வயது நிறைந்துவிட்டால் அவனிடம் சோறு கேட்க நான் தாய். இன்று அவனுக்குச் சோறு போட நான் யாரோ. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் நுண்ணறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

மையச் சட்டம், நாங்கள் என்ன செய்வது என்று தயவுசெய்து பதில் எழுதிவிடாதீர்கள். இளவர் தொடர்பான சட்டங்கள், மைய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கின்றன. 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியதும், 1989இல் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்ததும் இதே சட்டமன்றம்தான். இரண்டாவதை மைய அரசு 2005இல்தான் செய்தது.

பெற்றவர் இருவரும் இல்லாதபோது, குழந்தையை உடன்வைத்து வளர்த்த மாற்றாந்தாயோ மாற்றாந்தந்தையோ முதல் உரிமையுடன் மனுச் செய்யலாம் என்றும், வழக்கு முடியும்வரை குழந்தை அவரிடமே இருக்க வேண்டும் என்றும் 6ஆம் பிரிவில் சேர்க்கும் திருத்த மசோதாவை வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நான் தகுதியற்றவள் என்றால் அதை நீதிமன்றம் விசாரித்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வளர்த்த தாய் ஒருத்தி,
அம்பாசமுத்திரம் வட்டம்.