அடையும் மரம்

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் தேன்மொழியும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சிவப்பி கன்று ஈன்றிருக்கிறது, கிடேரி. கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. தேன்மொழி படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். அதுதான் சீக்கிரம் வந்து சேரும்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் ஓரிடத்தில் படுத்து ஒழுங்காகத் தூங்கு.

சாயங்காலம் ஆனால் நான் இப்போது அய்யனார் கோயில் குளக்கரைக்குப் போய்விடுகிறேன். ஆலமரத்தில் வௌவால்கள் பெருகியிருக்கின்றன. நீ எட்டாவது படிக்கும்போது நோட்டுப் போட்டு எண்ணுவாயே, அதேபோல நானும் எண்ணிப் பார்த்தேன். இருநூறு வரை வருகிறது, பிறகு கூட்டமாகக் கிளம்பிக் கணக்கு தப்பிவிடுகிறது. நீ எப்படித்தான் எண்ணினாயோ! பத்துப் பத்தாகக் கோடு போடுவாய் என்று தேன்மொழி சொல்கிறாள். உன் பொறுமை எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை.

கோயில்காட்டில் எத்தனையோ மரங்கள் இருக்க, அவை அந்த ஒரு மரத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் எனக்குக் காரணம் புரிகிறது. மரம் உயரமாக இருக்க வேண்டும். அடியில் வெளி இருக்க வேண்டும். தரையிலிருந்து எழும்பிப் பறப்பது அதற்கு எளிதில்லை. கிளையை விட்டு விழுந்து, விழும்போதுதான் இறக்கையை விரிக்கிறது. ஒன்றரைக் கிலோ வரை எடை, நாலு அடி இறக்கை. புதருக்குள் அது எப்படி அடையும்? பக்கத்தில் தண்ணீரும் வேண்டும். சித்திரை வெயிலில் நாளெல்லாம் இறக்கையால் விசிறிக்கொள்கின்றன, இறக்கையை நக்கி ஈரமாக்கிக்கொள்கின்றன. அதுவும் போதாமல், பறந்தபடியே குளத்து நீரில் மார்பை உரசிவிட்டுப் போய் அந்த ஈரத்தை நக்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லெறிய ஆள் இருக்கக் கூடாது. அய்யனாருக்குப் பயந்து அங்கே யாரும் வெடி வெடிப்பதில்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கொக்குகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே, நீகூட அங்கே போய்வந்து சொன்னாய்.

மரத்திலும் எல்லா இடமும் ஒன்றில்லை. நடுக்கிளைகளில் இடம் பிடித்தவை விடுவதில்லை. விடியற்காலையில் திரும்பி வந்ததும் ஒரு மணி நேரம் ஒரே சண்டை. புதிதாக வந்தது ஓரத்தில் தொங்குகிறது. வெயிலும் அதற்குத்தான், காக்கை கொத்துவதும் அதைத்தான். இரண்டு நாளில் இடம் மாற்றிவிடுகிறது. மறுபடி மாற்றுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நீ பேசும்போது பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. ஊருக்குப் போகும் நண்பனை ஏற்றிவிட வந்தேன் என்றாய். வியாழக்கிழமையும் கேட்டது. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உனக்கு இருபத்தேழு வயது. கூட்டுறவு வங்கியில் இருந்த நகையை மீட்டுத் தந்தவன் நீ. அன்று அம்மா அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நம் குடும்பத்தில் எவனும் செய்யாததைச் செய்தாய். ஆனால் தம்பி, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்வதால் அதில் ஒன்றும் குறைந்துவிடாது. அம்மா அனுப்பிய பார்சல், ஆள் இல்லை என்று எழுதித் திரும்பி வந்தது. பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறாள்.

வெளியில் கண்ட இடத்தில் படுக்காதே. மழை வந்தாலும் வராவிட்டாலும் கூரைக்குக் கீழே படு.

குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கொக்குகள் அடைகின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் பூனையும் அண்டுவதில்லை. பேருந்து நிலைய அரசமரத்தில் மைனாக்கள் அடையும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக்கூடக் காதில் விழாது. தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு, மட்டைக்குள் பகலில் தூங்கும் மரநாய் நம் பரணுக்கு வந்து குடியேறியது நினைவிருக்கிறதா? அம்மா விரட்டச் சொன்னாள். இன்னொரு மரம் வளரும்வரை இருக்கட்டும் என்றாய் நீ.

நீ அப்படிச் சொன்னபோதே நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆறேழு வருடமாக நெஞ்சில் கிடக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

கொல்லைப் புளியமரம் தானாகச் சாயவில்லை.

கஜாவில் வேர் ஆட்டம் கண்டு மாசிக் காற்றில் விழுந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். பொய். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தக் காற்று நம் தென்னையில் எழுபத்துமூன்றைச் சாய்த்தது. புளியமரம் நின்றது. ஒரு கிளைதான் முறிந்தது. இலை முழுவதும் உதிர்ந்து எலும்புக்கூடுபோல நின்றது. வௌவால்கள் இரண்டு நாள் காணவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், இலையே இல்லாத அந்த மரத்தில், வெயிலில், வந்து தொங்குகின்றன. என் தாத்தா காலத்திலிருந்து அவை அடைந்த மரம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான்கைந்து மாதம் கழித்து அதை நான் விற்றேன். பதினெட்டாயிரம் ரூபாய். உன் விடுதிக் கட்டணத்துக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, தென்னை போன ஆத்திரம். எல்லாம் போனபிறகு இது மட்டும் எதற்கு நிற்க வேண்டும் என்று ஒரு வெறி. முந்தைய வருடம் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்ததிலிருந்து தெருவில் வௌவால் பேச்சாகவே இருந்தது. அதையும் சாக்காக வைத்துக்கொண்டேன். தடுக்கவும் யாரும் இல்லை. அப்போது வனவிலங்குச் சட்டத்திலேயே பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்கு செய்யும் உயிர்கள் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலை எடுத்தார்கள்.

பங்குனி கடைசி. அவை வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், அதுவும் அந்த மாதங்களில்தான் என்று எனக்குத் தெரியும். நீதான் சொல்லியிருந்தாய். வாள் ஓடத் தொடங்கியதும் பட்டப்பகலில் எல்லாம் மேலே எழும்பிச் சுற்றின. வானமே கறுத்துவிட்டது. மரம் விழுந்தபிறகு நான் கிளைகளுக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. ஒன்று ஒடிந்த கிளையில் ஒற்றைக் காலால் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் முகம், நாய்க்குட்டி முகம், செம்பட்டை முடி. கண் திறந்திருந்தது. நீ சொன்னதுதான் அப்போது நினைவுக்கு வந்தது: அது கிளையைச் சிரமப்பட்டுப் பிடிப்பதில்லை, உடம்பின் எடையே காலின் தசைநாரை இழுத்து நகங்களைப் பூட்டிவிடுகிறது, செத்தாலும் தொங்கும் என்று. உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் நான் தொட்டேன். சூடாக இருந்தது. என் விரலைப் பற்றிக்கொண்டது.

துண்டில் சுற்றிக் கொண்டுவந்து வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். இரவெல்லாம் கத்தியது. மேலே ஏதோ சுற்றும் சத்தமும் கேட்டது. விடிந்து பார்த்தால் இல்லை. பூனை தூக்கியிருக்கும் என்றாள் அம்மா. தாய் தூக்கிப் போயிருக்கும் என்றேன் நான். எது என்று இன்றுவரை தெரியாது.

மூன்று இரவு அவை கொல்லைக்கு மேலே சுற்றின. மரம் இருந்த உயரத்தில், மரம் இருப்பதுபோலவே சுற்றின. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தேன்.

விடுமுறைக்கு வந்தபோது நீ அந்த அடிமரத்தின்மேல் உட்கார்ந்து, அவை துப்பிய இலுப்பைக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். "குட்டிகள்?" என்று ஒரு வார்த்தை கேட்டாய். எல்லாம் பறந்துவிட்டன என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். வெட்டுப்பட்ட மரத்துக்கும் சாய்ந்த மரத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையா நீ? வாள் பட்ட இடம் அப்படியே வழவழவென்று இருந்ததே. தெரிந்தும் நீ கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதையுமே நீ சொல்வதில்லை. வேலை கிடைத்ததையும் தேன்மொழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் ஏதாவது ஆகியிருந்தால் அதையும் அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கோபமாக எழுதிவிட்டேன். எழுதியதை அடித்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், இருக்கட்டும்.

அந்தப் பதினெட்டாயிரத்தை உன் கட்டணத்தில்தான் கட்டினேன். அதனால் உன் மேல் எந்தப் பாரமும் இல்லை. விற்றவன் நான்.

அடிமரத்துக்குப் பக்கத்தில் போன ஆடியில் ஒரு புளியங்கன்று முளைத்திருக்கிறது. ஆடு கடிக்காமல் முள் வைத்திருக்கிறேன். முழங்கால் உயரம் வந்துவிட்டது.

அம்மா இன்று மறுபடியும் முறுக்கு சுடுகிறாள். பழைய பார்சலில் இருந்தது நமுத்துப்போயிருக்கும். நாளை மறுநாள் அஞ்சலகம் திறந்திருக்கும். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எனக்குச் சொல்லப் பிடிக்காவிட்டால் தேன்மொழியிடம் சொல்.

அன்புடன்,
அப்பா