யூரியாவோடு வேறு பொருளைக் கட்டிவிடுவதை நிறுத்துங்கள்

மத்திய உரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். டெல்லி மயூர் விஹாரில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். அண்ணன் அங்கே நாலு ஏக்கரில் சம்பா போடுகிறார்.

போன சம்பாவில் மேலுரத்துக்கு யூரியா வாங்கப் போனார். பயிர் தூர் கட்டும் நேரம், பத்து நாள் தள்ளிப்போட முடியாது. கடையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஆனால் கூடவே ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டும் ஒரு பாட்டில் திரவமும் எடுத்தால்தான் யூரியா என்றார்களாம். 45 கிலோ மூட்டை விலை 266 ரூபாய் 50 காசு. மூன்று மூட்டை வாங்கியவர், கேட்காத பொருளுக்கு 600 ரூபாய் கூடக் கொடுத்தார். "கம்பெனியே லோடோடு சேர்த்துத்தான் அனுப்புது, நான் என்ன பண்ண?" என்றாராம் கடைக்காரர். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், அந்தப் பாட்டில் மூடி திறக்காமல் மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கிடக்கிறது.

யூரியா எரிவாயுவில் இருந்து வருகிறது என்பதும், அந்த எரிவாயுவில் பெரும்பங்கைக் கப்பலில்தான் வாங்குகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். 2022-ல் உக்ரைன் போரின்போது உலகச் சந்தையில் விலை எங்கோ போனது. சீனா ஏற்றுமதியை இறுக்கினால் இங்கே இறக்குமதி தள்ளாடுகிறது. அப்போதெல்லாம் விலையை ஏற்றாமல் மானியத்தில் தாங்கினீர்கள். அதற்கு மனதார நன்றி. ஆனால் மூட்டையில் அச்சடித்த விலைக்கு அண்ணனால் வாங்க முடியவில்லையே! சரக்குக்குத் தட்டுப்பாடு வரும் பருவத்தில்தான் இந்தக் கட்டாயமும் கூடுகிறது.

2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சரே இப்படித் திணிப்பதைத் தடுக்கச் சொல்லி முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். அப்புறமும் கடைக்காரரை மட்டும் பிடித்து அபராதம் போட்டால் போதாது. யூரியாவில் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் சொற்பம், அதை ஏற்றுங்கள். லோடோடு வேறு பொருளைத் தள்ளும் கம்பெனிக்கு அந்த லோடின் மானியத்தை நிறுத்துங்கள். கைரேகை வைத்து வாங்கும் கருவியிலேயே "வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை" என்று தமிழில் ரசீது வரட்டும், புகார் எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

அடுத்த சம்பா நடவுக்கு முன்னால் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரின் தம்பி