ரோட்டில் ஸ்கிப் வைக்கும் முன்: லண்டன் தமிழ் பில்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

லொஃப்ட் போடுகிற, பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் இழுக்கிற அண்ணன்மார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என் குரல் பழக்கம். ஸ்கிப், அதாவது கட்டட வேலைக் குப்பை போடும் பெரிய இரும்புத் தொட்டி, வாடகைக்கு விடும் ஓரிடத்தில் போன் எடுப்பது என் வேலை. தமிழில் கதைக்கலாம் என்று தெரிந்ததும், "அக்கா, நாளைக்கு ஒரு எட்டு யார்ட் ஸ்கிப் போட ஏலுமா?" என்று கேட்பீர்கள். வீட்டு முற்றத்தில் இடம் இருந்தால் தாராளமாக ஏலும். "முன்னுக்கு இடமில்லை, ரோட்டில் வையுங்கோ" என்று அடுத்த வரி வரும்போதுதான் அலுவல் சிக்கலாகிறது. பெர்மிட் (ரோட்டில் வைக்க அனுமதி) வேண்டும், அதற்கு நாள் எடுக்கும் என்று நான் சொல்ல, "வெள்ளி பின்னேரம் இறக்கினால் திங்கள் வரைக்கும் ஆர் பார்க்கப் போகினம்?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

சட்டம் பழையது, தெளிவானது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 139ஆம் பிரிவு: அந்த ரோட்டுக்குப் பொறுப்பான அதிகாரசபையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஸ்கிப்பை ரோட்டில் வைக்கக் கூடாது. பெரும்பாலான தெருக்களுக்கு அது உங்கள் பகுதியின் உள்ளூராட்சி சபையான பரோ கவுன்சில். சிவப்புக் கோடு போட்ட பெரிய ரோடுகளுக்கு, லண்டன் போக்குவரத்தைப் பார்க்கும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன். நடைபாதையும், அதன் ஓரத்துப் புல்லும் இந்தச் சட்டத்துக்கு ரோடுதான். "பாதி முற்றத்தில், பாதி நடைபாதையில்" என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். தள்ளுவண்டியோடு வரும் தாய் அந்தப் பாதிக்காக ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

மீறினால் 1,000 பவுண் வரை அபராதம். "அது ஸ்கிப் கொம்பனிக்குத்தானே" என்று நினைக்கிறவர்கள் அதே பிரிவை இன்னும் கொஞ்சம் கீழே வாசிக்க வேண்டும். குற்றம் இன்னொருவர் செய்ததாலோ, செய்யத் தவறியதாலோ நடந்திருந்தால் அவர் மீதும் வழக்குப் போடலாம் என்று அங்கே இருக்கிறது. நாங்கள் மாட்டிவிட்டுப் போன விளக்கை, சுவர் இடிக்க இடைஞ்சல் என்று கழற்றி வேனுக்குள் போட்டவர் யாரோ, அவரையும் அந்த வரி தேடி வரலாம்.

விளக்கு என்றதும் சிலருக்குச் சலிப்பு வரும். குளிர்காலத்தில் லண்டனில் நாலு மணிக்கே இருட்டி விடுகிறது. இருட்டு நேரத்தில் ஸ்கிப்புக்கு வெளிச்சம் இருக்க வேண்டும், முடிந்தால் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்கிப்பின் இரண்டு முனைகளிலும் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்த கோடுகள் பார்த்திருப்பீர்கள். 1984இல் வந்த விதிகள்படி அவை கட்டாயம், மற்ற வாகனக்காரருக்கு வடிவாகத் தெரியவும் வேண்டும். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பழைய கதவுகளை நாலு பக்கமும் நிமிர்த்திச் செருகி, எட்டு யார்ட்டைப் பத்து யார்ட் ஆக்குகிறார்கள். மேலே போட்ட பழைய கார்ப்பெட் தொங்கி அந்தக் கோடுகளை மூடிவிடுகிறது. இருட்டில் சைக்கிளில் வருகிற பிள்ளைக்குத் தெரிவது ஒரு கறுப்பு நிழல் மட்டும்.

அந்தக் கதவு வேலையால் காசும் மிஞ்சுவதில்லை. விளிம்புக்கு மேல் குவிந்த ஸ்கிப்பை எங்கள் லொறிக்காரர் ஏற்ற மாட்டார், ரோட்டில் கல் உதிர்ந்தால் அவருடைய லைசன்ஸ் போகும். இறக்கிச் சமப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்குள் பெர்மிட் நாள் முடிந்துவிடும். புதுப்பிக்க இன்னொரு கட்டணம். அது யார் தலையில் விழுகிறது? வீட்டுக்காரர் தலையில்.

நான் எழுத வந்த விஷயமே இதுதான். உங்கள் விலைக் கொட்டேஷனில் பெர்மிட் இருப்பதில்லை. செங்கல், ஸ்டீல், ஜன்னல், கூலி எல்லாம் இருக்கும். "ஸ்கிப்" என்று ஒரு சொல்லும் சிலவேளை இருக்கும். பெர்மிட் கட்டணம் ஒரு கவுன்சிலில் ஒரு மாதிரி, அடுத்ததில் இன்னொரு மாதிரி. வீட்டுக்கு முன்னால் ரெசிடென்ட் பார்க்கிங் (அந்தத் தெருவாசிகளுக்கு ஒதுக்கிய இடம்) இருந்தால் அந்த இடத்தை மூடிவைக்கத் தனியாக விண்ணப்பம், தனியாகக் காசு. பல இடங்களில் பெர்மிட்டைவிட அதுதான் கூட. நாட்களும் அதற்குத்தான் அதிகம் வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் விடுவது, மற்ற பில்டரைவிட மொத்தத்தைக் குறைத்துக் காட்டத்தான். கோபிக்காதீர்கள், பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் சொல்கிறேன். வேலை தொடங்கி, வீட்டின் பின் சுவர் இடிந்து கிடக்கும்போது, "அம்மா, கவுன்சிலுக்கு இன்னும் காசு கட்ட வேணும்" என்றால் அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? இங்கிலீஷ் கடிதம் வாசிக்க மகள் வேலையால் வரும்வரை காத்திருக்கிற அம்மாக்கள் பலர். கவுன்சில் என்றாலே அவர்களுக்குப் பயம்.

பெர்மிட் கைக்கு வருமுன் வேலை தொடங்கும் தேதியை உறுதிப்படுத்துவது, மண்டபம் கிடைக்குமுன் கல்யாணக் கார்ட் அடிப்பதைப் போன்றது. பெரும்பாலான கவுன்சில்கள் வீட்டுக்காரரிடமோ பில்டரிடமோ விண்ணப்பம் வாங்குவதில்லை, ஸ்கிப் கொம்பனிதான் போட வேண்டும். ஆகவே எங்களுக்கு நேரம் தராவிட்டால் உங்களுக்கும் நேரமில்லை.

இன்னொன்று. பெர்மிட் கிடைத்தாலும் ரோடு உங்களுடையதாகி விடாது. அதே சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி, சீருடையில் வரும் பொலிஸ்காரரோ அதிகாரசபையோ ஸ்கிப்பை நகர்த்தச் சொல்லலாம். அப்போது பெர்மிட்டைக் காட்டி வாக்குவாதம் செய்ய வேண்டாம், எங்களுக்குக் கோல் எடுங்கள்.

நாள் இல்லை, ரோடும் ஒடுக்கம் என்றால் வேறு வழியும் உண்டு. லொறி வந்து நிற்கும், உங்கள் ஆட்கள் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும், உடனே போய்விடும். ரோட்டில் ஸ்கிப்பை விட்டுவிட்டுப் போகாததால் பெரும்பாலும் பெர்மிட் தேவைப்படாது. ஆனால் சாமான் எல்லாம் முன்னுக்கு அடுக்கித் தயாராக இருக்க வேண்டும். "வேன் வைத்திருக்கிற ஒரு பொடியன் மலிவாக எடுப்பான்" என்பது மட்டும் வேண்டாம். குப்பை ஏற்றுகிறவர் சுற்றாடல் முகவரகத்தில் (என்வைரன்மென்ட் ஏஜென்சி) பதிந்தவரா என்று பார்க்கிற கடமை வீட்டுக்காரருக்கும் உண்டு. பார்க்காமல் கொடுத்து, அது எங்காவது ஒழுங்கையில் கொட்டப்பட்டால் இங்கிலாந்தில் 600 பவுண் வரை தண்டப்பணம் அவர் பேருக்கு வரும். அவரை நம்ப வைத்தது நீங்கள்.

ஆகவே கொட்டேஷனில் ஸ்கிப் வாடகை, பெர்மிட், பார்க்கிங் இடம் மூடுவது என்று மூன்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். சரியான தொகை தெரியாவிட்டால் தெருப் பெயரையும் போஸ்ட்கோடையும் எங்களிடம் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறோம். வேலையை ஒப்புக்கொண்ட அன்றே சொல்லுங்கள். ஞாயிறு இரவு வட்ஸ்அப்பில் வந்தால் நான் பார்ப்பது திங்கள் எட்டு மணிக்குத்தான்.

இப்படிக்கு,
போன் எடுக்கும் அக்கா
லண்டன்