தேயிலைப் படம் போட்ட டீ ட்ரீ எண்ணெய் குறித்துப் புகார்

அனுப்புநர்:
குன்னூர் வட்டத்து வாடிக்கையாளர்
(முழு முகவரி இணைத்துள்ள ரசீதில் இருக்கிறது)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் டீ ட்ரீ எண்ணெயால் என் மகளுக்கு ஏற்பட்ட தோல் ஒவ்வாமை, உங்கள் பணியாளர் தொலைபேசியில் சொன்ன தவறான யோசனை ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடந்த பிப்ரவரி மாதம் உங்கள் இணையக் கடையில் 30 மி.லி. டீ ட்ரீ எண்ணெய்ப் புட்டி ஒன்றை 349 ரூபாய் கொடுத்து வாங்கினேன். என் மகளுக்கு வயது இருபத்திரண்டு. தாடையோரம் பரு வந்து அவளைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. உங்கள் அட்டைப்பெட்டியில், "நூறு சதவீதம் இயற்கை. பக்கவிளைவு அறவே இல்லை. இரவில் இரண்டு மூன்று சொட்டுகளை எதனுடனும் கலக்காமல் நேரடியாக முகத்தில் தடவவும்" என்று அச்சிட்டிருந்தது. அவளும் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தாள். முதல் ஐந்து வாரம் பரு வற்றியது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆறாவது வாரம் கன்னம் சிவந்து அரிக்கத் தொடங்கியது.

பெட்டியிலிருந்த எண்ணுக்கு நானே பேசினேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "தோலுக்கு அடியில் தேங்கிய கழிவு வெளியேறுகிறது ஐயா, இப்போது நிறுத்தினால் இதுவரை கிடைத்த பலனும் போய்விடும், தொடர்ந்து தடவச் சொல்லுங்கள்" என்றார். நம்பினோம். இன்னும் நான்கு இரவுகள் தடவினாள். ஐந்தாம் நாள் காலை இடது கண் திறக்க முடியாமல் இமை வீங்கியிருந்தது. கன்னம் முழுக்கக் கடுகளவு நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து கசிந்ததில் தலையணை உறை முகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துக் கால் மணி நேரம் ஒற்றியெடுத்துத்தான் என் மனைவி அந்த உறையைப் பிரித்தாள். உங்கள் பணியாளர் சொன்ன கழிவு அதுதான் போலிருக்கிறது.

கோயம்புத்தூரில் தோல் மருத்துவரிடம் காட்டினோம். வீக்கம் வடிந்த பிறகு அவர் ஒட்டுச் சோதனை செய்தார். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடியும் பார்க்கிறார்கள். டீ ட்ரீ எண்ணெய் வைத்த இடம் மட்டும் தடித்துக் கொப்பளித்திருந்தது. ஒருமுறை உடம்புக்கு இந்த ஒவ்வாமை பழகிவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிலைத்துவிடும் என்றார் மருத்துவர். இந்த எண்ணெய் ஷாம்புவிலும் இருக்கிறது, வாய் கொப்பளிக்கும் மருந்திலும் இருக்கிறது, பாதவெடிப்புக் களிம்பிலும் இருக்கிறது. இனி எதை வாங்கினாலும் என் மகள் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நான் முப்பத்தோரு ஆண்டு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக வேலை பார்த்தவன். காற்று பட்டால் ஒரு பொருள் எப்படி மாறும் என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்குச் சம்பளம் கிடைத்தது. பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, விரித்துவைத்தால் இலைச்சாறு பிராணவாயுவோடு சேர்ந்து செம்பு நிறமாகிறது. சில நிமிடம் தவறினால் அந்த ஈடு முழுவதும் வீண். உங்கள் எண்ணெயும் அந்த இனம்தான். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் பட்டால் அதிலுள்ள பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. புது எண்ணெயைவிட அப்படிப் பழசான எண்ணெய்தான் தோலில் ஒவ்வாமையை அதிகம் கிளப்பும். அதனால்தான் இதைக் கரும்பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் அனுப்பியதோ உள்ளிருப்பது பளிச்சென்று தெரியும் பிளாஸ்டிக் புட்டி. வெயிலில் வைக்காதீர்கள் என்று ஒரு வரி இல்லை. அவளும் தினமும் எடுக்க வசதியாக ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள், காலை வெயில் நேராக விழும் இடத்தில். திறந்த புதிதில் கற்பூர வாசனை வந்தது. இப்போது திறந்தால் டர்பன்டைன் நெடி அடிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பெட்டியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்தைப் படம் போட்டு, பின்னால் மலைச்சரிவுத் தோட்டத்தையும் வரைந்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். தேயிலை கமேலியா குடும்பத்துச் செடி. உங்கள் எண்ணெய் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த மெலலூக்கா ஆல்டர்னிபோலியா என்ற மரத்தின் இலையிலிருந்து வடிப்பது. இங்கே நாங்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸின் பங்காளி அது. அந்த யூகலிப்டஸ் தைலத்தையே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளின் நெஞ்சில் வெறுமனே தேய்க்கமாட்டார்கள், தேங்காய் எண்ணெயில் கலந்துதான் தேய்ப்பார்கள். தாவரப் பெயரைக்கூட அச்சிடாத நீங்கள் அதைக் கலக்காமல் முகத்தில் தடவச் சொல்கிறீர்கள்.

இந்த எண்ணெயால் பருவுக்குப் பயனில்லை என்று நான் வாதாடவில்லை. 1990ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான பென்சாயில் பெராக்சைடு மருந்தைவிடச் சற்று மெதுவாக வேலை செய்தாலும் எரிச்சலும் வறட்சியும் குறைவாக இருந்தன. ஆனால் அங்கே தடவியது ஐந்து சதவீத ஜெல். நீங்கள் தடவச் சொன்னது நூறு சதவீதம், அதாவது இருபது மடங்கு. ஐந்து சதவீதம் என்றால், வீட்டுக் கணக்கில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து சொட்டு. அதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஓரிரு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த இரண்டு வரிக்கு உங்கள் பெட்டியில் இடமில்லாமல் போய்விட்டதா? கொழுந்துப் படத்தைச் சற்றுச் சுருக்கியிருந்தால் போதுமே.

எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். அவனுடைய வைட்டமின் மருந்தும் இதே மாதிரி சொட்டுமூடி போட்ட புட்டியில்தான் வருகிறது. டீ ட்ரீ எண்ணெய் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சிறு பிள்ளைகள் கொஞ்சம் விழுங்கினாலே மயக்கமும் தள்ளாட்டமும் வரும். "உட்கொள்ளக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்ற சொற்கள் உங்கள் பெட்டியில் எங்கேயும் இல்லை. தொகுதி எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் காணவில்லை.

சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதிய அளவு தராமல் பொருளை விற்றால், அதனால் வரும் தீங்குக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எனவே புட்டியின் விலை 349 ரூபாயையும், மருத்துவம், மருந்து, கோவைக்கு மூன்று முறை போய்வந்த செலவு எல்லாமாகச் சேர்த்து 6,820 ரூபாயையும் நீங்கள் தர வேண்டும். ரசீதுகளை இணைத்துள்ளேன். பணத்தைவிட எனக்கு முக்கியமானது பெட்டியில் உள்ள அந்த வாசகம். "நேரடியாக", "பக்கவிளைவு அறவே இல்லை" ஆகிய இரண்டையும் எடுத்துவிட்டு, கலக்கும் அளவையும் சோதித்துப் பார்க்கும் முறையையும் தமிழிலும் அச்சிட வேண்டும். அரிப்பு என்று சொல்பவரிடம் தொடர்ந்து தடவுங்கள் என்று சொல்லக் கூடாதென உங்கள் தொலைபேசிப் பணியாளர்களுக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவின் நகல் எனக்கும் வர வேண்டும். அன்று பேசிய பெண்மீது நடவடிக்கை வேண்டாம். எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்திருப்பார்.

இன்றிலிருந்து பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். புட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகச் சொல்லாதீர்கள். அட்டைப்பெட்டியோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஆணையம் கேட்டால் அங்கேதான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீது, மருத்துவச் செலவு ரசீதுகள், ஒட்டுச் சோதனை அறிக்கையின் நகல், பெட்டியின் நான்கு பக்கப் புகைப்படங்கள்