டிரெட்மில் வேண்டாம் கண்ணா

அன்புள்ள கண்ணா,

வீட்டிலேயே நடக்க எனக்கு ஒரு டிரெட்மில் வாங்கித் தருவதாக ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ சொன்னதை அப்பாவும் நானும் பேசிப் பார்த்தோம். டிரெட்மில் வேண்டாம். மாடல் வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறாய், சோஃபாவை ஜன்னல் பக்கம் தள்ளினால் இடம் வருமா என்று அளவும் கேட்டாய். அம்மா உடம்பைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறானே என்று மனசு நிறைந்துபோனது. ஆனால் நான் மறுபடியும் ஏரோபிக்ஸ் கிளாஸுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை விடுவதாக இல்லை. ஏன் என்று ஃபோனில் சொல்ல வராது. நடுவில் குட்டி புகுந்துவிடுவாள், உனக்கும் மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஏழாவது, எட்டாவது படிக்கும்போது நான் ஸ்கூலிலிருந்து வந்ததும் புடவையை மாற்றிவிட்டு, சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாகக் கிளம்புவேனே, அந்த கிளாஸ் நினைவிருக்கிறதா? அசோக் நகரில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சின்ன ஹால். பாட்டுக்குத் தகுந்தபடி ஒரு சின்னப் பெட்டி மேல் ஏறி இறங்கி ஆடும் ஸ்டெப் ஏரோபிக்ஸ் அப்போது எங்களுக்குப் புதுசு. கம்பெனிப் பெட்டி வாங்குவது கட்டாது என்று எங்கள் மேடம் ஆசாரியிடம் சொல்லி ஆறு அங்குல உயரத்தில் மரப்பலகை செய்து வைத்திருந்தார். மேலே ரப்பர் மேட் ஒட்டியிருக்கும். ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்து போட்டுக்கொள்வோம். அமெரிக்காவில் ஜின் மில்லர் என்ற ஏரோபிக்ஸ் டீச்சருக்கு முழங்காலில் அடிபட்டு, அதைத் தேற்றிக்கொள்ள படியில் ஏறி இறங்கிப் பழகியதில்தான் இந்தப் பயிற்சி பிறந்தது என்று மேடம் சொல்வார். 1980களின் கடைசியில் ரீபாக் அதைப் பெட்டியாகச் செய்து விற்றது. அடிபட்டு நின்றவர் திரும்பி வருவதற்காகக் கண்டுபிடித்த பயிற்சி என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

பாட்டு எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு வரும். நாலு எட்டு சேர்ந்து 32 ஆனால் ஒரு கட்டு முடிந்தது. அடுத்த ஸ்டெப் என்ன என்று கட்டு முடியும் முன் கடைசி நாலு எண்ணிக்கைக்குள் மேடம் சொல்லிவிடுவார். எங்களைப் பார்த்து நிற்பவர், 'ரைட்' என்று சொல்லிக்கொண்டே தன் இடது காலைத் தூக்குவார், அப்போதுதான் எங்களுக்குக் குழப்பம் வராது. நாள் முழுக்க வகுப்பு வகுப்பாகத் தாவர செல், விலங்கு செல் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் இன்னொருவர் சொல்ல நான் கேட்டு ஆடுவதில் என்ன நிம்மதி தெரியுமா? என்ன சமைப்பது, யார் ஃபீஸ் கட்டுவது, எதையும் அங்கே நான் முடிவு செய்ய வேண்டியதில்லை. கூட இருக்கும் அத்தனை காலும் ஒரே நேரத்தில் பலகையில் இறங்கும் சத்தம் ஒன்று உண்டு, அது நெஞ்சுக்குள் கேட்கும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹாலுக்குள் இடுப்பளவு தண்ணீர். பலகைகள் ஊறிப் பிளந்துவிட்டன, ஸ்பீக்கர் போயிற்று. மேடம் வேறு இடம் பார்த்து மறுபடி ஆரம்பித்தபோது பாட்டி விழுந்தார்.

அதை நீ ஃபோனில்தான் கேட்டாய். நான் பக்கத்திலேயே இருந்தேன். பாட்டி ஓடவில்லை, படி இறங்கவில்லை. பாத்ரூமில் துண்டை எடுக்க இடது பக்கம் திரும்பினார். உடம்பு திரும்பியது, கால் கூடவே திரும்பவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். இடுப்பு எலும்பு முறிவு பெரும்பாலும் இப்படிப் பக்கவாட்டில் விழும்போதுதான் வருகிறது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

முதுகில் புண் வர ஆரம்பித்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிளாஸில் என் பக்கத்துப் பலகையில் ஆடும் அக்கா ஒருவர் இருந்தார். நான் வருவதில்லையே என்று ஃபோன் செய்து விசாரித்தவர், மறுநாளே ஆட்டோவில் ஒரு ஆல்ஃபா பெட்டை, அதுதான் படுக்கைப் புண்ணுக்குப் போடும் காற்று மெத்தையை, கொண்டுவந்து இறக்கினார். அவர் மாமனார் படுக்கையில் இருந்தபோது வாங்கியது. மோட்டாரை எங்கே மாட்டுவது, காற்று எவ்வளவு வைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று நின்று காட்டிவிட்டுத்தான் போனார். அதுவரை அவர் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. கிளாஸ் என்றால் எனக்கு இதுவும் சேர்ந்துதான்.

பாட்டி போன பிறகு 2019ல் குட்டி பிறந்தாள், உங்களிடம் மெல்போர்னுக்கு வந்தேன். திரும்பி வந்து ஷூவைத் தூசி தட்டுவதற்குள் கொரோனா. தமிழ்நாட்டில் 2020 ஆகஸ்ட் 10 முதல் ஜிம்களைத் திறக்க அனுமதித்தார்கள், ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் நான் போகவில்லை. ஜூமில் கொஞ்ச நாள் ஆடினேன். ஃபோனை சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு. ஜூம் பேச்சை எடுத்துக்கொண்டு பாட்டை இரைச்சல் என்று அடக்கிவிடும். மேடம் கால் வைத்த பிறகுதான் எண்ணிக்கை வந்து சேரும். எல்லோரும் மியூட், கட்டம் கட்டமாக ஆளுக்கொரு தாளத்தில் குதித்துக்கொண்டிருந்தோம். வாய்விட்டு எண்ண ஆளில்லாமல் எனக்கு அது ஒட்டவே இல்லை. நீ சொன்ன டிரெட்மில்லில் திரையும், திரைக்குள் ஒரு டிரெய்னரும் வருவார் என்றாயே, எனக்கு உடனே அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. பிறகு அப்பாவின் பைபாஸ். அந்த இரண்டு வருடம் அவர் மாத்திரை நேரமும் நடை நேரமும்தான் என் நேரம்.

இதில் எதையும் குறையாகச் சொல்லவில்லை கண்ணா. பாட்டியைப் பார்த்துக்கொண்டதும், குட்டியை முதல் நாள் கையில் வாங்கியதும் நான் விரும்பிச் செய்தவை. ஆனால் இந்த வருடம் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தேன். டெக்ஸா என்பார்கள். டி ஸ்கோர் மைனஸ் 1.9. மைனஸ் 1 வரைக்கும் சரி, மைனஸ் 2.5ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. நான் நடுவில் நிற்கிறேன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குப் பாட்டி திரும்பிய அந்தத் திருப்பம்தான் கண்ணில் நின்றது. அப்பாவே சொன்னார், "நான் சிவன் பார்க்கில் என் பாட்டுக்கு நடந்துகொள்கிறேன், நீ உன் கிளாஸுக்குப் போ" என்று.

புது கிளாஸ் மருந்துக்கடை மாடியில். டிரெய்னர் சின்னப் பெண், உன்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். உள்ளே விடுவதற்கு முன்னால், "ஆன்ட்டி, பிபி உண்டா, மூட்டு வலி, ஆபரேஷன் ஏதாவது?" என்று உட்காரவைத்துக் கேட்டாள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "குனிந்தபடி உடம்பை முறுக்கும் ஸ்டெப் எதுவும் நீங்கள் செய்யாதீர்கள், குதிப்பதும் இப்போது வேண்டாம்" என்றாள். அந்தக் கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு யாரும் போகக் கூடாது.

கடைசி வரிசையில் சுவரோரம் நின்றேன். பாட்டெல்லாம் இப்போது குத்துப்பாட்டு. ஆனால் அவள் "கிரேப்வைன், ரைட்" என்றதும் என் கால் தானாகப் போனது. பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று, மறுபடி பக்கம், சேர்த்து ஒரு தட்டு. இத்தனை வருடம் எங்கே இருந்ததோ! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த பெண் நான் ஆடுவதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மூச்சுதான் கூட வரவில்லை. பாதியில் நிறுத்தி நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு அங்கே இடம் உண்டு, யாரும் எதுவும் சொல்வதில்லை.

டீச்சர் புத்தி போகாது, இதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். நீயும் பேட்மின்டனை விட்டு எவ்வளவு காலமாயிற்று! பயிற்சியை விட்ட இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சுப் பலம் இறங்கத் தொடங்கும். தசைப் பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பயிற்சியின்போது தசை இழைக்குள் கூடுதலாகச் சேரும் உட்கருக்கள், தசை இளைத்த பிறகும் அப்படியே இருப்பதை நார்வேயில் சுண்டெலிகளிடம் 2010ல் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பழைய ஆளுக்குத் தசை சீக்கிரம் திரும்புகிறது என்று நினைக்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான். தசையைவிட, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். தசை தயார் என்று சொல்லும், நாண் தயாராக இருக்காது. விட்ட இடத்திலேயே தொடங்குபவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே வலி வருவது இதனால்தான். முதல் மாதம் பாதி அளவு போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம். தசை வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். அது லாக்டிக் அமிலம் என்பார்கள், அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தை விட்டுப் போய்விடும். பழக்கமில்லாத வேலையில் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் வலி அது, தானே ஆறும்.

டிரெட்மில்லில் நேராக முன்னால் மட்டும்தான் போக முடியும். எனக்கு வேண்டியது பக்கம், பின்னால், திருப்பம், ஒற்றைக் காலில் நிற்பது. 65 வயதுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. பெரியவர்கள் எல்லோருக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. எங்கள் கிளாஸில் கடைசி இருபது நிமிடம் டம்பெல். நான் ஒரு கிலோவில் தொடங்கி இப்போது இரண்டு கிலோ தூக்குகிறேன்.

இன்னொன்று, அம்மா இதை மகனுக்கு எழுதுவாளா என்று நினைக்காதே. மருமகளுக்கு இது இரண்டாவது பிரசவம். குழந்தை பெற்ற பல பெண்களுக்குக் குதித்தால், தும்மினால் சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டார்கள், கிளாஸுக்குப் போவதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். என் பழைய கிளாஸில் அப்படி நின்றவர்களை எனக்குத் தெரியும். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி உண்டு, அமெரிக்காவில் கீகல் என்ற டாக்டர் 1948லேயே எழுதி வைத்தார். உங்கள் ஊரில் இதற்கென்றே பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், பிரசவம் ஆனதும் அவளை அழைத்துக்கொண்டு போ. ஓட்டம், குதியாட்டம் எல்லாம் குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான். குட்டி பிறப்பதற்கு முன்னால் அவள் சனிக்கிழமை காலையில் டான்ஸ் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள், ஞாபகமிருக்கிறதா? அதற்கப்புறம் போகவே இல்லை. இந்த முறை சனிக்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகளும் உன் பொறுப்பு என்று இப்போதே அவளிடம் சொல்லிவை. அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காதே, கேட்கமாட்டாள்.

நான் பிரசவத்துக்குக் கட்டாயம் வருகிறேன், அதில் மாற்றமில்லை. ஆறு மாதம் என்றாலும் சரி. ஆனால் ஆறு மாதம் கிளாஸ் இல்லாமல் இருக்கமாட்டேன். போன தடவை குட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது உங்கள் மோனாஷ் கவுன்சில் நடத்தும் மையத்தைப் பார்த்திருக்கிறேன், நீச்சல் குளமும் ஜிம்மும் ஒன்றாக இருக்குமே, அதுதான். அங்கே வயதானவர்களுக்குக் காலை நேரத்தில் குரூப் கிளாஸ் என்றைக்கெல்லாம், டூரிஸ்ட் விசாவில் வந்திருப்பவர்கள் அன்றன்றைக்குக் காசு கட்டிச் சேரலாமா, எனக்குப் பொருந்தும் தசைப் பயிற்சி உண்டா என்று நேரில் போய்க் கேள். தண்ணீருக்குள் செய்யும் ஆக்வா ஏரோபிக்ஸ் மட்டும்தான் என்றால் அது மூட்டுக்கு நல்லது, எலும்புக்குப் போதாது. நேரம் தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி அங்கே சமையல் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டுச் சொன்ன பிறகு டிக்கெட் போடு.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா