ஒரே காருக்கு ஏன் இத்தனை விலை? காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கார் இன்ஷூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஒருவர் ஒரு தொகை சொல்வார். அடுத்தவர் அதில் ஆயிரம் குறைப்பார். வண்டி வாங்கிய ஷோரூமில் கேட்டால் இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வரும். எங்கள் குடியிருப்பில் ரினியூவல் சமயத்தில் பலர் கொட்டேஷன்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வண்டி ஒண்ணுதானே சார், விலை மட்டும் ஏன் இப்படி?" பதில் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எல்லாத் தாளையும் மேஜையில் விரித்து, பேனாவும் கையுமாக உட்கார வேண்டியிருக்கிறது. அந்த வேலையைப் பாலிசி எடுப்பவர் தலையில் கட்டியிருப்பது சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

எல்லாக் கம்பெனியும் ஒரே விலை சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2007 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தை அந்தந்தக் கம்பெனியே முடிவு செய்யலாம் என்று ஆனது, அது நல்லதுதான். ஒரு மாடல் காருக்கு ஒரு கம்பெனியில் கிளைம் குவிந்திருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். ஒர்க்‌ஷாப்களோடு பேசிவைத்த லேபர் ரேட் ஆளுக்கு ஆள் மாறும். விற்பவருக்குப் போகிற பங்கும் மாறும். 2023 ஏப்ரலில் தனித்தனி கமிஷன் உச்சவரம்பை எடுத்துவிட்டு, பொதுக் காப்பீட்டுக் கம்பெனியின் மொத்த நிர்வாகச் செலவு பிரீமியத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தீர்கள். அந்தப் பங்கும் ஏதோ ஒரு வழியில் கொட்டேஷனில் வந்து சேரத்தானே செய்யும். இதெல்லாம் வியாபாரம். புரிகிறது.

நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்காகக் கட்டும் மூன்றாம் நபர் பிரீமியத்திலோ வித்தியாசத்துக்கே இடமில்லை. அது அரசு அறிவிக்கும் தொகை. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதேதான். "பாலிசி மொத்தத்துக்கும் டிஸ்கவுண்ட்" என்று போனில் சொல்பவர் இந்தப் பகுதியைத் தொடவே முடியாது.

ஆக, வித்தியாசம் முழுக்க சொந்தச் சேதப் பகுதியிலும் கூடுதல் கவர்களிலும் இருக்கிறது. அதில் என்னைக் கோபப்படுத்துவது ஐடிவி, அதாவது வண்டி திருடுபோனாலோ முழுதாக நாசமானாலோ கம்பெனி தருவதாக பாலிசியில் போடும் தொகை.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஷோரூம் விலை 8 லட்சம், வயது மூன்று வருஷத்தைத் தாண்டிய, 1200 சிசி சென்னைக் கார். வண்டியின் வயதுக்கான தேய்மான அட்டவணைப்படி 40 சதவீதம் கழியும், ஐடிவி 4,80,000 ரூபாய். 2007-க்கு முன் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டண அட்டவணையில் (டாரிஃப்) இந்த வகைக்கு ஐடிவியில் 3.283 சதவீதம், அதன் மேல் 60 சதவீதம் தள்ளுபடி, முந்தைய வருஷங்களில் கிளைம் செய்யாததற்கு 35 சதவீதம் நோ கிளைம் போனஸ் என்று வைத்தால் சொந்தச் சேதப் பிரீமியம் சுமார் 4,097 ரூபாய் வரும். இன்னொரு கம்பெனியும் அதே சதவீதம், அதே தள்ளுபடி, அதே போனஸ்தான் தருகிறது. ஐடிவியை மட்டும் சத்தமில்லாமல் 4,00,000 என்று போட்டுவிடுகிறது. இப்போது 3,414 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 800 ரூபாய் சொச்சம் மிச்சம். வண்டி திருடுபோனால் கைக்கு வருவது 80,000 ரூபாய் குறைவு! விபத்தில் ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலும் முழுச் சேதம் என்று அதே குறைந்த தொகையில் கணக்கை முடித்துவிடுவார்கள். இரண்டாவது கம்பெனி ஒரு பைசாகூடத் தள்ளிக் கொடுக்கவில்லை, பொருளைத்தான் சிறிதாக்கியிருக்கிறது. ஆனால் திரையில் பெரிய எழுத்தில் தெரிவது "மிகக் குறைந்த பிரீமியம்". ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எடையைப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

அடுத்தது, நாமாக ஏற்றுக்கொள்ளும் பிடித்தத் தொகை. 1500 சிசி வரை ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாய் நம் பங்கு, அது கட்டாயம். அதற்கு மேல் 7,500, 15,000 என்று நாமே ஏற்றுக்கொண்டால் பிரீமியம் குறையும். தெரிந்து செய்தால் நல்ல ஏற்பாடு. தெரியாமல் டிக் ஆகியிருந்தால், பம்பர் மாற்றிய பில்லில் பாதி நம் தலையில் விழுந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

பம்பர் என்றதும் இன்னொன்று. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். முழு விலை வேண்டுமானால், ஏஜெண்டுகள் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்கிற ஜீரோ டெப் கவர் வேண்டும். ஒரு கொட்டேஷனில் அது இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்து விலையை மட்டும் ஒப்பிட்டு என்ன பயன்?

சென்னைக்காரர்களுக்கு எஞ்சின் கவர் தனிக் கதை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற வண்டியை, பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் உண்டு. வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலேயே அடக்கம். ஆனால் சாவியைத் திருப்பியதால் தண்ணீரை உள்ளே இழுத்து எஞ்சின் போனால், அது 'தொடர் சேதம்' என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதிவிடுவார். அதற்குப் பணம் வர எஞ்சின் கவர் தனியாக எடுத்திருக்க வேண்டும். வேளச்சேரியில் வண்டி நிறுத்துகிறவருக்கு வரும் கொட்டேஷனில் இந்தக் கவர் இருக்கிறதா இல்லையா என்பது முதல் பக்கத்தில் தெரிய வேண்டாமா?

போனஸிலும் ஒரு வம்பு. போன வருஷம் கிளைம் இல்லை என்று படிவமே அனுமானித்துக்கொண்டு விலையைக் குறைத்துக் காட்டும். வாங்குபவர் கவனிக்காமல் பணம் கட்டிவிட்டு, பிறகு கிளைம் செய்யும்போது 'தவறான தகவல் கொடுத்தீர்கள்' என்ற பேச்சைக் கேட்க வேண்டியது.

வாடகை வீட்டுக்காரர்களையும் மறக்கவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிரிஹ ரக்‌ஷா என்று எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி பாலிசி கொண்டுவந்தீர்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டுச் சாமானுக்கு மட்டும் அதை எடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்து கேட்பவருக்கும் இரண்டு கம்பெனியில் இரண்டு விலை வரும். பார்த்தால், ஒன்றில் திருட்டுக்கான தனிக் கவர் சேர்ந்திருக்கும். அடிப்படை பாலிசியில் தீ, வெள்ளம் போன்ற சம்பவத்தை ஒட்டி ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் இடம் உண்டு. ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்தால் அது அதில் வராது. வாடகை வீட்டில் இருப்பவர் பயப்படுவதோ அதற்குத்தான்.

பாலிசி வார்த்தைகளையே ஒரே மாதிரி ஆக்க முடிந்த உங்களால் கொட்டேஷனை ஆக்க முடியாதா? எனக்கு வேண்டியது ஒரு பக்கம். பிரீமியத்தின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் ஐடிவி இருக்கட்டும். தேய்மான அட்டவணைப்படி வரும் ஐடிவியில் போட்ட விலை கட்டாயம் முதலில் வரட்டும். குறைத்தோ கூட்டியோ போட்டது அதற்குப் பிறகு. நம் பிடித்தத் தொகை எவ்வளவு, எந்தக் கவர் உண்டு, எது இல்லை என்பது எல்லாக் கம்பெனியிலும் ஒரே வரிசையில். போனஸ் சதவீதத்தை வாங்குபவர் தானே நிரப்பும்வரை விலையே காட்டக் கூடாது. தமிழிலும் கிடைத்தால் இன்னும் நல்லது.

பீமா சுகம் தளத்துக்கு 2024-ல் விதிமுறைகள் வெளியிட்டீர்கள். எல்லாக் கம்பெனி விலையும் ஒரே திரையில் வரப்போகிற இடம் அது. இந்தப் படிவம் இல்லாமல் அது வந்தால், ஐடிவியை யார் அதிகம் வெட்டுகிறாரோ அவர் பெயர்தான் அங்கே முதலில் நிற்கும். அதற்கு முன்பே ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரர்,
சென்னை